சிறப்புக் கல்வி ஆசிரியர் பட்டம்: போட்ட பணம் எப்போது திரும்பும்?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கும் சி.ஏ.ஓ. அலுவலகம் வழக்கமாகச் செப்டம்பர் இறுதியோடு கதவைச் சாத்திவிடும். மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளை இருக்கும், டர்பன் நகரப் பக்கத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் வீடுகளில் அதற்கு முன்பே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளை சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆக வேண்டும் என்று சொன்னால் வீட்டில் எழும் கேள்விகள் இரண்டு. நாலு வருடத்துக்கு எவ்வளவு ஆகும்? சிறப்புப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கூடவா, குறைவா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளில் சாதாரண வகுப்பு ஆசிரியருக்கும் சிறப்புப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே சம்பள அட்டவணைதான். சம்பளத்தைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: உங்கள் படிப்புக்குக் கல்வித் துறை கொடுக்கும் தகுதி மதிப்பெண், அதாவது ஆர்.ஈ.க்யூ.வி. எண், அடுத்தது, மாதக் கடைசியில் பணம் போடுவது மாகாணக் கல்வித் துறையா, பள்ளி நிர்வாகக் குழுவா என்பது. இந்த இரண்டையும் சரியாகப் பிடித்தவருக்கு இந்தப் படிப்பு நன்றாகவே கட்டுப்படியாகும். ஒன்றைத் தவறவிட்டாலும் வருடக்கணக்கில் இழுக்கும்.

பழைய தலைமுறையின் கணக்கை இங்கே அப்படியே எடுத்துவைக்க முடியாது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், கையிலிருந்த காசைச் சேர்த்துப் பள்ளிக்கூடங்களைத் தாங்களே கட்டி, பிறகு அரசின் உதவியைக் கேட்டு வாங்கினார்கள். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் பெயரில் 1929இல் டர்பனில் எழுந்த சாஸ்திரி கல்லூரியும் சமூகம் திரட்டிய பணத்தால் வந்ததுதான். கரும்புத் தோட்டத்திலிருந்து வெளியே வர ஆசிரியர் வேலையே ஏணியாக இருந்தது. தாத்தா காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் கல்வியியல் கல்லூரியில் பயிற்சி முடித்தால் வேலை நிச்சயம். இன்று மெட்ரிக்குக்கு மேல் நாலு வருடம் தேவை, அதாவது ஆர்.ஈ.க்யூ.வி. 14. வேலை தானாக வராது, தேடிப் போக வேண்டும்.

பட்டத்தின் பெயர் ஏமாற்றும்

பலரும் 'சிறப்புக் கல்வி பி.எட்.' என்று ஒரு தனிப் பட்டத்தைத் தேடுகிறார்கள். இந்த நாட்டின் ஆசிரியர் கல்விக் கொள்கை அப்படி அமைக்கப்படவில்லை. முதல் பட்டம் எப்போதும் ஒரு வகுப்புக் கட்டத்துக்கு உரியது: தொடக்கக் கட்டம் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் முதல் 3 வரை), இடைக் கட்டம் (4 முதல் 6 வரை), மூத்த கட்டமும் அதற்கு மேலும் (7 முதல் 12 வரை). நாலு வருட பி.எட். 480 கிரெடிட் கொண்டது. உள்ளடக்கிய கல்வி, அதாவது கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளையும் சேர்த்தே கற்பிக்கும் முறை, எல்லாப் பட்டங்களுக்குள்ளும் பாடமாக வரும். சில இடங்களில் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். முழுமையான சிறப்புப் பயிற்சி பெரும்பாலும் அதன் பிறகுதான்: அட்வான்ஸ்டு டிப்ளமா, முதுநிலை டிப்ளமா, பி.எட். ஆனர்ஸ். ஒவ்வொன்றும் 120 கிரெடிட்; வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடத்தில் முடிக்கலாம்.

இந்த அமைப்பு குடும்பத்துக்குச் சாதகமானது. முதல் பட்டத்தை வைத்துச் சாதாரணப் பள்ளியிலும் வேலைக்குப் போகலாம், சிறப்புப் பள்ளியிலும் போகலாம். ஆகவே 17 வயதிலேயே 'சிறப்பா, சாதாரணமா' என்று முடிவெடுக்கத் தேவையில்லை. எந்த வகுப்புக் கட்டம் என்ற முடிவுதான் கனமானது. சிறப்புப் பள்ளியில் மனம் இருப்பவர்கள் தொடக்கக் கட்டத்தை எடுப்பது எங்கள் பார்வையில் புத்திசாலித்தனம். எழுத்தறிவையும் எண்ணறிவையும் அடியிலிருந்து கட்டும் முறையை அங்கேதான் ஆழமாகக் கற்றுத்தருகிறார்கள். பதினான்கு வயதாகியும் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தேவைப்படுவதும் அதுவே.

ஏற்கெனவே வேறு பட்டம் வைத்திருப்பவருக்கு ஒரு வருட பி.ஜி.சி.இ. என்னும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் போதும், மூன்று வருடப் பட்டமும் இதுவும் சேர்ந்து ஆர்.ஈ.க்யூ.வி. 14 ஆகும். உளவியல் பட்டதாரிகள் பலர் இந்தக் கதவைத் தட்டுகிறார்கள், பலர் அங்கேயே தடுக்கியும் விழுகிறார்கள். உளவியல் பள்ளிப் பாடம் அல்ல. மேல் வகுப்புகளுக்கான பி.ஜி.சி.இ.யில் சேர, பள்ளியில் கற்பிக்கப்படும் பாடங்கள் உங்கள் பட்டத்துக்குள் இருக்க வேண்டும். உளவியலை 'லைஃப் ஓரியன்டேஷன்' பாடத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்றாக ஆங்கிலமோ வேறு பாடமோ தேவை. பட்டம் இரண்டாம் வருடத்தில் இருக்கும்போதே இதைப் பார்த்துப் பாடத்தைச் சேர்த்துக்கொண்டால் பின்னால் ஒரு வருடம் மிச்சமாகும்.

'ஆட்டிசம் சான்றிதழ்', 'டிஸ்லெக்சியா பயிற்சி' என்று வார இறுதியில் நடக்கும் குறுகிய பயிற்சிகள் அறிவுக்கு நல்லவை, ஆனால் தேசியத் தகுதிச் சட்டகத்தில் பதிவாகாத எதுவும் ஆர்.ஈ.க்யூ.வி. எண்ணைக் கூட்டாது. தனியார் கல்லூரியில் பணம் கட்டும் முன் மூன்றைப் பாருங்கள்: உயர்கல்வித் துறையில் அந்த நிறுவனத்தின் பதிவு, உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம், அந்தப் பட்டத்துக்கு உரிய சாக்கா (தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம்) எண். 'விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்' என்று சொன்னால் பணத்தைக் கட்டாதீர்கள்.

செலவு

கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், வருடத்துக்கு வருடம் மாறும். கீழே வரும் எண்கள் கணக்கு எப்படிப் போடுவது என்று காட்ட எடுத்துக்கொண்டவை. உங்கள் கட்டணச் சீட்டிலுள்ள எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே பைன்டவுனில் உள்ள குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் எட்ஜ்வுட் வளாகத்துக்குப் போய்வரும் மாணவி என்று வைப்போம். வருடக் கட்டணம் 50,000 ரேண்ட். புத்தகம், அச்சு, டேட்டா, மடிக்கணினியின் வருடப் பங்கு 8,000. டாக்சி 12,000. பயிற்சிக் காலத்துக்கான கூடுதல் போக்குவரத்தும் உடையும் 3,000. ஆக 73,000, நாலு வருடத்துக்கு 2,92,000. விடுதியில் தங்கினால் வருடத்துக்கு இன்னொரு 60,000 வரை ஏறும்; மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டிவிடும். யுனிசா பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்பில் கட்டணம் நேரடிப் படிப்பைவிடக் குறைவு. ஆனால் அங்கே காலம் நீளும் ஆபத்து அதிகம், அதன் விலையைக் கீழே பார்ப்போம்.

பயிற்சிக் காலத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பி.எட். காலத்தில் குறைந்தது 20 வாரமும் அதிகபட்சம் 32 வாரமும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும், பி.ஜி.சி.இ.யில் 8 முதல் 12 வாரம். அந்த வாரங்களில் மாலை வேலையையோ கடை வேலையையோ தொடர்வது கடினம். அந்த வருமானத்தை நம்பி டாக்சிக் காசு வைத்திருந்தவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள்.

இன்னொரு செலவு கையிலிருந்து போவதில்லை, வராமல் போவது. படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலி அது. 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது; கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம். மாதம் 195 மணி நேரம் உழைத்தால் 5,614 ரேண்ட், நாலு வருடத்தில் ஏறக்குறைய 2.7 லட்சம். இளைஞர்களில் வேலை தேடுவோர் நூற்றுக்கு 45 பேர் அளவில் வேலையில்லாமல் நிற்கும் நாட்டில் இந்தத் தொகை முழுதும் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் கடுமையான கணக்காக இருக்கட்டும் என்று முழுதாகவே சேர்ப்போம். மொத்தம் 5.62 லட்சம்.

யார் கட்டுவது

குடும்ப வருமானம் வருடம் 3.5 லட்சம் ரேண்டுக்குள் இருந்தால் முதல் பட்டத்துக்கு அரசின் என்.எஸ்.ஃபாஸ் உதவி உண்டு. மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 6 லட்சம். கணவன் மனைவி இருவரும் சுமாரான வேலையில் இருக்கும் டர்பன் குடும்பங்கள் பல 3.5 லட்சத்தைச் சற்றே தாண்டி, உதவிக்கும் தகுதியில்லாமல் முழுக் கட்டணத்துக்கும் வசதியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கின்றன.

அவர்களுக்கு ஃபுன்சா லுஷாக்கா பர்சரி, அதாவது அரசின் கல்வி உதவித்தொகை, பெரிய துணை. ஆசிரியர் படிப்புக்காகவே 2007இல் தொடங்கியது. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றுக்கும் வரும். விண்ணப்பம் பொதுவாக அக்டோபரில் திறந்து அடுத்த வருடத் தொடக்கத்தில் மூடும். முன்னுரிமைப் பாடங்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் வகுப்புக் கட்டமும் பாடமும் அந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பதிவு செய்ய வேண்டும்.

இது இலவசக் காசு என்று நினைத்துக் கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு. ஒப்பந்தத்தில் உள்ள கடமை இது: ஒரு வருட உதவிக்கு ஒரு வருடம் அரசுப் பள்ளியில் பணி. எந்தப் பள்ளி என்பதை மாகாணம் சொல்லும். சாட்ஸ்வொர்த் பெண்ணுக்கு 300 கிலோமீட்டருக்கு அப்பால் ஜோசினிப் பக்கம் இடம் வரலாம். போகமாட்டேன் என்றால் வாங்கிய தொகை வட்டியோடு கடனாகிவிடும். ஆகவே வீட்டில் முன்கூட்டியே பேச வேண்டியது, இருபத்திரண்டு வயதில் பிள்ளை தனியாக அங்கே வாடகை அறையில் நாலு வருடம் இருக்கச் சம்மதமா என்பதை. சம்மதம் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. எங்கள் கருத்தில் அந்த நாலு வருடம் இழப்பும் அல்ல. கிராமப் பள்ளியில் கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளை எந்த நிபுணரின் துணையும் இல்லாமல் கவனித்த அனுபவமும், அங்கே வாயில் ஏறும் இசிசூலு (சூலு) மொழியும் பிற்பாடு டர்பன் சிறப்புப் பள்ளி நேர்காணலில் எடைபோடப்படும்.

சம்பளம் கையில் எவ்வளவு

ஆர்.ஈ.க்யூ.வி. 14 உள்ள புதிய ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் வருடம் 3 லட்சம் ரேண்டுக்கு மேல். கணக்குக்கு 3,30,000 என்று எடுத்துக்கொள்வோம், மாதம் 27,500. இதில் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு 7.5% போகும், 2,062. மீதியின்மேல் 2025-26 வரி அட்டவணைப்படி வருமான வரி மாதம் ஏறக்குறைய 3,600. கையில் வருவது சுமார் 21,840. பிறந்த மாதத்தில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமாக வரி போக 20,000 சொச்சம் வரும். ஜி.ஈ.எம்.எஸ். என்னும் அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்தால் சந்தாவில் ஒரு பங்கை அரசு கட்டும், உங்கள் பங்கு மேலே சொன்ன தொகையிலிருந்து போகும். வீட்டுப்படி 2025 ஏப்ரலில் மாதம் 1,900 ஆனது. சொந்த வீடு இல்லாதவருக்கு அது முழுதும் கையில் வராது, ஒரு பகுதி சேமிப்பாக நிற்கும்.

ஏற்றம் இரண்டு வகை. பணித்திறன் திருப்தியாக இருந்தால் வருடம் 1.5% படி ஏறும். அதற்கு மேல் சங்கங்களும் அரசும் பேசி முடிக்கும் பொது உயர்வு: 2025 ஏப்ரலில் 5.5%, அடுத்த இரண்டு வருடங்களுக்கு விலைவாசியை ஒட்டி 4 முதல் 6 சதவீதத்துக்குள்.

ஓய்வூதியத்தைத்தான் இளைஞர்கள் குறைவாக மதிக்கிறார்கள். உங்கள் 7.5 சதவீதத்தோடு அரசு 13% போடுகிறது. நம் கணக்கில் வருடம் 42,900. பத்து வருடத்துக்கு மேல் பணி செய்தவருக்கு வருட ஓய்வூதியம் கணக்கிடும் முறை: கடைசிச் சம்பளத்தை 55ஆல் வகுத்து, பணி வருடத்தால் பெருக்கி, 360 ரேண்ட் கூட்டுவது. முப்பது வருடத்துக்கு, இன்றைய 3,30,000ஐயே வைத்துப் பார்த்தால்கூட வருடம் 1,80,360. அதோடு சம்பளத்தின் 6.72 சதவீதத்தைப் பணி வருடத்தால் பெருக்கி ஒரே தொகையாகத் தருவார்கள், 6,65,280. ஓய்வூதியப் பணத்தைச் சேமிப்பு, ஓய்வூதியம் என்று பிரிக்கும், 2024 செப்டம்பரில் வந்த இரண்டு பானைத் திட்டத்தில் வருடத்துக்கு ஒருமுறை சேமிப்புப் பானையிலிருந்து எடுக்கலாம் என்றதும் பலர் எடுத்துவிடுகிறார்கள். எடுக்கும் தொகைக்கு வருமான வரி உண்டு, கணக்கிலுள்ள பணி வருடமும் குறையும். கல்விக் கடனை அடைக்க என்றாலும் கடனின் வட்டியை ஒப்பிட்டுப் பார்க்காமல் தொட வேண்டாம்.

இதற்கு எதிரே இருப்பது எஸ்.ஜி.பி., அதாவது பள்ளி நிர்வாகக் குழுவின் பணியிடம். 1996 பள்ளிகள் சட்டப்படி பள்ளி நிர்வாகக் குழு தன் பணத்திலிருந்து ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம். சம்பளம் பள்ளிக் கட்டணம் எவ்வளவு வசூலாகிறது என்பதைப் பொறுத்தது. அரசு ஓய்வூதியம் கிடையாது, பதின்மூன்றாம் சம்பளம் அந்தக் குழுவின் விருப்பம், ஒப்பந்தம் டிசம்பரில் முடிந்து ஜனவரியில் புதிதாகத் தொடங்கலாம். வகுப்பில் அதே பிள்ளைகள்தான், வேலையிலும் எந்தக் குறைவும் இல்லை, பணம்தான் பாதி. இளம் ஆசிரியர்களுக்கு நடக்கும் அநியாயங்களில் இதைப் பெரியதாகவே சொல்ல வேண்டும். ஆனாலும் அனுபவச் சான்றிதழுக்காக ஒன்றிரண்டு வருடம் இருப்பது தவறில்லை. ஐந்து வருடம் என்று நீண்டால் மேலே சொன்ன அரசின் பங்கு மட்டுமே 2 லட்சத்துக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம்.

திரும்பும் காலம்

இப்போது இரண்டையும் சேர்ப்போம். கையில் 21,840 வாங்கும் ஆசிரியருக்கும் 5,614 வாங்கும் கூலித் தொழிலாளிக்கும் மாதம் 16,200 அளவில் வித்தியாசம். 5.62 லட்சத்தை இதால் வகுத்தால் 35 மாதம். படிப்பு முடிந்ததும் அரசுப் பணியிடம் கிடைத்தவருக்குப் போட்டதெல்லாம் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடுகிறது. முதல் இரண்டு வருடம் மாதம் 12,000க்கு எஸ்.ஜி.பி. வேலை பார்த்துவிட்டுப் பிறகு அரசுக்குப் போனால் நாலு வருடம் ஆகும். இரண்டுமே தாங்கக்கூடியவை.

தாங்க முடியாதது தாமதம். பாடங்களில் தவறி நாலு வருடப் படிப்பு ஐந்தானால் என்ன ஆகிறது? ஒரு வருடச் செலவு 73,000 கூடுகிறது. அதோடு ஒரு வருடச் சம்பளமும் பதின்மூன்றாவதும் போகின்றன, ஏறக்குறைய 2.82 லட்சம். சேர்த்தால் 3.55 லட்சம், நாலு வருடமும் கையிலிருந்து போட்ட 2.92 லட்சத்தைவிட அதிகம். தொலைதூரப் படிப்பில் கட்டணம் பாதி என்று சேர்ந்து ஆறு வருடம் இழுத்தவருக்கு மலிவு எதுவும் மிஞ்சாது. (பள்ளியில் உதவியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிப்பவர் விதிவிலக்கு, அவருக்குத் தொலைதூரமே சரி.) ஆகவே பணம் குறைவாக இருக்கும் வீட்டில் எதை மிச்சம் பிடித்தாலும், இரண்டாம் வருடக் கணிதப் பாடத்துக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டால் அந்த இரண்டாயிரம் ரேண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சிறப்புத் தகுதி எதற்கு

முதுநிலை டிப்ளமா முடித்தால் சம்பளம் தாவுமா? ஆர்.ஈ.க்யூ.வி. 13இலிருந்து 14க்கு ஏறுவது போன்ற பெரிய மாற்றத்தை 14க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இதன் வரவு வேறு வழியில் வருகிறது. சிறப்புப் பள்ளி அறிவிக்கும் பணியிடத்துக்கு விண்ணப்பங்களைச் சலிக்கும்போது முதலில் பார்ப்பது இந்தத் தகுதியை. துறைத் தலைவர், துணை முதல்வர், மாவட்டத்தின் சிறப்புத் தேவைக் கல்விப் பிரிவு என்று மேலே போகும் படிகளிலும் இது கேட்கப்படும். ஆகவே முதல் பட்டம் முடித்த கையோடு முழுநேரமாக இதைப் படித்துச் சொந்தக் காசைக் கரைப்பதைவிட, அரசுப் பணியில் அமர்ந்தபின் பகுதிநேரமாகப் படிப்பதே சரி. பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு மாகாணத் துறைகள் தரும் பர்சரிகளையும் கேளுங்கள். அவற்றிலும் பணிக் கடமை உண்டு.

ஆனர்ஸ் முடித்தால் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்து காசு வாங்கலாம் என்றொரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அந்தச் சோதனைகளைச் செய்யச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு தேவை. கல்வி உளவியலாளர் ஆவதற்குக் கல்வி உளவியலில் ஆனர்ஸ், அதன்மேல் முதுகலை, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, மன்றத்தின் தேர்வு என்று நீண்ட பாதை இருக்கிறது. முதுகலை இடங்கள் மிகக் குறைவு. மாலையில் தனிவகுப்பு எடுப்பதற்குத் தடையில்லை, ஆனால் அரசு ஆசிரியர் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பணியிடங்கள் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். அரசு ஆசிரியர்களில் பெரும் பங்கினர் ஐம்பதைத் தாண்டியவர்கள், இந்தப் பத்தாண்டில் ஓய்வு பெறுவார்கள். இன்னொரு பக்கம் மாகாணங்களின் பணப்பை சுருங்குகிறது. 2025 தொடக்கத்திலிருந்து மேற்குக் கேப் மாகாணம் மட்டும் 2,407 ஆசிரியர் இடங்களைக் குறைத்தது. சிறப்புப் பள்ளிகளில் பிள்ளைகளை ஒன்று என்று எண்ணுவதில்லை: ஆட்டிசம் உள்ள பிள்ளை, காது கேளாத பிள்ளை ஒவ்வொருவருக்கும் பணியிடக் கணக்கில் பல மடங்கு எடை உண்டு. வகுப்பு சிறியதாக இருப்பதற்குக் காரணம் இந்த எடைதான்.

வகுப்பு சிறியது, வேலை சிறியதல்ல. 2001 வெள்ளை அறிக்கை 6, உள்ளடக்கிய கல்வியை நாட்டின் கொள்கையாக்கியது; உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய 2014இல் வந்த சயாஸ் கொள்கை அதற்குப் படிவங்களைக் கொடுத்தது. முதல் படிவத்தை வகுப்பாசிரியர் நிரப்ப வேண்டும், இரண்டாவதைப் பள்ளியின் ஆதரவுக் குழு, மூன்றாவதை மாவட்டக் குழு. ஒரு பிள்ளை சிறப்புப் பள்ளிக்கு மாறுவதும், தேர்வில் கூடுதல் நேரம் பெறுவதும் இந்தக் காகிதங்களைப் பொறுத்தவை. முதல் படிவத்தில் 'பாடத்தில் பலவீனம்' என்று ஒற்றை வரி எழுதினால் கோப்பு திரும்பி வரும், பிள்ளைக்கு ஒரு வருடம் போகும். எந்த எழுத்தில் தடுமாறுகிறாள், என்ன முயன்றோம், எத்தனை வாரம் முயன்றோம், என்ன மாறியது என்று தேதியோடு எழுதத் தெரிந்தவரே இந்தத் துறையில் நல்ல ஆசிரியர்.

பள்ளிக்குப் பள்ளி தேவையும் மாறும். ரிசர்வாய் ஹில்ஸ் ஆர்.பி. மூட்லி பள்ளி, ஃபீனிக்ஸ் ஏ.எம். மூலா ஸ்பெஸ் நோவா, வி.என். நாயக் காது கேளாதோர் பள்ளி என்று டர்பனில் இருப்பவை ஒவ்வொன்றும் வேறு வகைப் பிள்ளைகளுக்கானவை. விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் தன்னார்வமாகப் போய் இருந்து பாருங்கள். உடல் தாங்குமா, மனம் தாங்குமா என்று தெரிந்துவிடும். மொழி இன்னொன்று. வீட்டில் ஆங்கிலமும் கோவிலில் தமிழும் போதும், ஆனால் வகுப்பில் பாதிக்கு மேல் இசிசூலு பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆங்கிலத்தில் கற்பிக்கத் தகுதி பெறுபவர் ஓர் ஆப்பிரிக்க மொழியிலோ தென்னாப்பிரிக்கச் சைகை மொழியிலோ பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் கல்விக் கொள்கையே கேட்கிறது. 2023 ஜூலையில் சைகை மொழி நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியானது. அதைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் பிற்பாடு வருந்த மாட்டார்கள்.

முதல் சம்பளம் வரும்வரை

புதிய ஆசிரியர்களில் பலர் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் சம்பளமின்றி இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம். நவம்பரிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்: கடைசி வருடத்தில் சேஸ் ஆசிரியர் மன்றத்தில் தற்காலிகப் பதிவு, பட்டம் வந்ததும் முழுப் பதிவு, காவல்துறைச் சான்று, குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் பெயர் இல்லை என்ற சான்று, வரி எண், சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. பள்ளியில் கால் வைத்த நாளன்றே பணியேற்புப் படிவத்தில் முதல்வரின் கையெழுத்தை வாங்கி, மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அரசுச் சம்பளப் பட்டியலில் உங்களுக்கான பெர்சால் எண் உருவாகும்வரை பணம் வராது.  மார்ச் 31இல் நிதியாண்டு முடியும் நெருக்கடியில் கோப்பு சிக்கினால் ஏப்ரல், மே என்று தள்ளும். மூன்று மாத வாடகையும் டாக்சிக் காசும் தனியாக வைத்துவிட்டே வேலைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து கணவரோடோ மனைவியோடோ ஜோகன்னஸ்பர்க், டர்பன் பக்கம் வந்து சேரும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இங்கே தானாகச் செல்லாது. சாக்காவில் பட்ட மதிப்பீடு, உயர்கல்வித் துறையில் பணிக்கான மதிப்பீடு, பிறகு சேஸ் பதிவு என்று அந்த வரிசையில்தான் போக வேண்டும். மதிப்பெண் பட்டியல்கள் எல்லா வருடத்துக்கும் வேண்டும். வேலை விசாவில் வந்தவரின் துணையாக வருகையாளர் விசாவில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, அதை முதலில் மாற்ற வேண்டும். நிரந்தர வதிவிடம் இல்லாதவருக்கு அரசுப் பள்ளியில் ஒப்பந்தப் பணிதான். காது கேளாதோர் பிரிவில் படித்து வந்தவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: இந்தியச் சைகை மொழியும் தென்னாப்பிரிக்கச் சைகை மொழியும் வேறு வேறு மொழிகள். இங்குள்ள பிள்ளைகளோடு பேச முதல் பாடத்திலிருந்து புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.